மாமா இறங்கினால் ஓடும் கார்

இப்போதெல்லாம் காரில் ஏதாவது கோளாறு என்றால் ஒரு சின்னப் பெட்டியைச் செருகிப் பார்க்கிறார்கள். எந்த வயரில் என்ன குறை என்று அதுவே எழுதிக் காட்டிவிடுகிறதாம். என் மகன் பெருமையாகச் சொன்னான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்தச் சனியன் பிடித்த பெட்டி நாமெல்லாம் பாவாடை சட்டை போட்ட காலத்திலேயே வந்து தொலைத்திருந்தால், எங்கள் வீட்டில் ஒரு மனுஷரின் வாழ்க்கை தப்பியிருக்கும். உங்களைப் போல என் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடிகிறது. சின்னவர்களிடம் சொன்னால், "ஒரு வயர் லூசா இருந்ததுக்கா இவ்ளோ பெரிய கதை?" என்று போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி இருந்தது. எங்கள் வீட்டில் கார் இருந்தது. வசதி என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா கல்யாணத்துக்கு முன்பு பாவு புணைக்கிற வேலை செய்தவர். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஒரு பாவு தீரும்போது அதன் இழை நுனியையும் புதுப் பாவின் இழை நுனியையும் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் உருட்டி முறுக்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. இப்படியே ஆயிரக்கணக்கான இழைகள். குனிந்து குனிந்து கழுத்து போயிற்று என்று விட்டுவிட்டு, பாகப்பிரிவினையில் வந்ததைப் போட்டு ஒரு பழைய கருப்புக் காரை வாங்கினார். கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிக் கடைக்கும் கோயிலுக்கும் கொண்டுபோய்விடுவதுதான் அதற்கு வேலை. வெயிலில் நின்ற காரின் சீட்டிலிருந்து சூடான ரெக்ஸினும் பெட்ரோலும் வாடின மல்லிகையும் சேர்ந்து ஒரு வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும். அம்மாவுக்குக் குமட்டும்.

அப்பா புணைப்பு வேலையை விட்டாரே தவிர, விரல்கள் விடவில்லை. எது உடைந்தாலும் அறுந்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான், பட்டு நூல். குடையின் கைப்பிடி, கரண்டிக் காம்பு, என் பள்ளிக்கூடப் பையின் வார் என்று எல்லாவற்றையும் இழை மேல் இழை ஏறாமல் நெருக்கமாகச் சுற்றி, நுனியை உள்ளே இழுத்து மறைத்துவிடுவார். எப்போதும் அரக்கு நிற நூல். எங்கள் வீட்டுக்கு வந்தால் எதெது உடைந்தது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். அப்பாவுக்கு அதில் கர்வம். "கடையில வாங்கினது உடையும், நான் சுத்தினது உடையாது" என்பார்.

மாமா அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாதவர். அம்மா கல்யாணமாகி வரும்போது கூடவே வந்துவிட்டார். சீரோடு வந்த பிள்ளை என்று தெருவில் கேலி செய்வார்கள், அவரும் சிரிப்பார். அக்கா புருஷனை அவர் மாமா என்று கூப்பிட, நான் அவரை மாமா என்று கூப்பிட, வீட்டில் யாராவது மாமா என்றால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா குட்டை, மாமா நெட்டை. அந்தக் காரில் அவர் ஏறி உட்காருவதே வேடிக்கையாக இருக்கும். முதலில் தலையைக் குனிந்து நுழைத்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே இழுப்பார். உட்கார்ந்த பிறகும் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ராஜ வீதியில் திருவிழாக் கூட்டத்தில்கூட ஹாரனைத் தொடாமல் கொண்டுபோவார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாப்பா, மாடு எந்தப் பக்கம் திரும்பும் சொல்லு பாக்கலாம்" என்று கேட்பார். நான் சொல்வதெல்லாம் தப்பாகவே இருக்கும்.

அந்த வருஷம் தை மாதம் மாமாவுக்குத் தாமலில் பெண் பார்த்தார்கள். விவசாயக் குடும்பம். ஏரிப் பாசனத்தில் நிலம், ஒரே பெண். பையனுக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை, ஆனால் கையில் தொழில் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள். வைகாசியில் கல்யாணம். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. தம்பிக்கு ஒரு வீடு அமைந்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிச்சயத்துக்கு மாமாதான் கார் ஓட்டினார். மாப்பிள்ளை பின்னால் உட்கார வேண்டும் என்று அம்மா சொன்னாள். அவர் கேட்கவில்லை. பெண் வீட்டு வாசலில் தன் கையால் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஆசை. பின்சீட்டில் பழத்தட்டும் புடவைத்தட்டும் மடியில் வைத்துக்கொண்டு நாங்கள். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. திடீரென்று இஞ்சின் சத்தம் அறுந்து கார் தானாக உருண்டு நின்றது. மாமா ஹாரனை அழுத்தினார். அதுவும் இல்லை. சாவியைத் திருகினார். ஒரு டிக் சத்தம்கூட இல்லை.

"மாமா, முடி கருகுற மாதிரி ஒரு வாசனை வருது" என்றார் மாமா.

"வெயில்ல உன் தலைதான் வேகுது. எறங்கிப் பானட்டத் தெற" என்றார் அப்பா.

எங்களை எதிர்கொண்டு அழைத்துப்போகப் பெண்ணின் அப்பா சைக்கிளில் கரைமேல் வந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமா இறங்கி பானட்டைத் திறந்து உள்ளே குனிந்தார். அப்பா ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து சாவியைத் திருகினார். கார் ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது.

"இன்னா மாப்ள, நீ எறங்கினாதான் வண்டி ஓடுது போலக்குது!" என்றார் பெண்ணின் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அதோடு போயிருக்கலாம். போகவில்லை. கார் மறுபடி செவிலிமேட்டில் நின்றது, பிறகு பஸ் ஸ்டாண்டு வாசலில், பிறகு ஏகாம்பரநாதர் சன்னதித் தெருவில். ஒவ்வொரு தடவையும் மாமா ஓட்டும்போதுதான். அவர் இறங்கி பானட்டைத் திறப்பார். வேறு யாராவது உட்கார்ந்து சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அப்பா கையில் ஒருநாள்கூட நிற்கவில்லை. தெருப் பையன்களுக்குக் கொண்டாட்டம். மாமா காரோடு போனால், "எறங்கு மாமா எறங்கு" என்று பாட்டுக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள்.

ரிப்பேருக்குக் காட்டாமல் இல்லை. அப்பாவேதான் ஓட்டிக்கொண்டுபோவார், யார் கையில் நிற்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார். என் பள்ளிக்கூடத்துக்கு அப்பால் ஊர்க்கோடியில் ஒரு வயரிங் பாய் இருந்தார். வாயில் எப்போதும் வெற்றிலை. ஒரு குட்டி பல்பில் இரண்டு வயர் கோத்து வைத்திருப்பார். ஒரு வயரைக் காரின் தகட்டில் மாட்டிவிட்டு இன்னொன்றால் ஒவ்வோர் இடமாகத் தொடுவார். பல்பு எரிந்தால் கரண்ட் வருகிறது, எரியாவிட்டால் இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தொட்ட இடத்திலெல்லாம் பல்பு எரிந்தது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். இஞ்சினுக்குப் பொறி தருகிற காயிலை மாற்றினார். அப்பா முனகிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில் பாய் கையை விரித்துவிட்டார். "வண்டி நின்னாத்தான் நைனா கண்டுபிடிக்க முடியும். என்கிட்ட வந்தா நல்லா ஓடிக்கினு இருக்குது. இல்லாத வியாதிக்கு எங்கேந்து மருந்து குடுக்கறது?"

காரில் குறை இல்லை என்றால் அப்புறம் வேறு எங்கே என்று பார்த்தார்கள்.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுப் பாவு ஏற்றினால் முதலில் யார் கை படுவது என்று பார்ப்பார்கள். தறியிலிருந்து சேலையை அறுக்கும்போது எதிரில் யார் வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். கைராசி என்று ஒன்று, அது ஒருவருக்கு இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. அப்பாவும் அந்தத் தெருவில் வளர்ந்தவர்தானே. வாயால் சொல்லவில்லை, ஆனால் காலையில் முதல் சவாரிக்குச் சாவியை மாமாவிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்குக் கார் பிடித்துக் கொடுக்கும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "நல்ல காரியத்துக்கு வர்றவங்கபா. நீயே வந்து ஓட்டு, அந்தத் தம்பி வேணாம்" என்றார். உள்ளே மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள், அவர் இலையை மூடிவிட்டார்.

மாமாவுக்கே பயம் வந்துவிட்டது. சாவியைத் தொடுவதற்கு முன்பு கையைக் கழுவ ஆரம்பித்தார். கழுவித் துடைத்து, காமாட்சி குங்குமத்தைத் தொட்டு, பிறகு திருகுவார். பயத்தில் உடம்பு இறுகி முன்னால் தள்ளி உட்கார்ந்து ஓட்டினார். முழங்கால் இன்னும் மேலே போயிற்று. கார் இன்னும் அடிக்கடி நின்றது. எந்தப் பயத்தால் அவர் அப்படி உட்கார்ந்தாரோ அந்தப் பயத்தையே அந்தக் கார் நிஜமாக்கிக்கொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். அப்பாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் மாமா போனார். காருக்குக் கனகாம்பரமும் மல்லிகையும் சுற்றியிருந்தார்கள். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கு. அது எங்கள் தெரு வழியாகத்தான் வந்தது, நானும் அம்மாவும் வாசலில் நின்று பார்த்தோம். மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எங்கள் வீட்டைத் தாண்டியதும் கார் நின்றது. விளக்கும் போயிற்று. நாதஸ்வரக்காரர்கள் தெரியாமல் வாசித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள்.

மாமா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இறங்கினால் ஓடிவிடும் என்று தெரியும். அதனால்தான் அவர் இறங்கவில்லை என்று நினைக்கிறேன். கூட்டத்தில் யாரோ, "எறங்கு மாமா எறங்கு" என்று ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை கதவைத் திறந்து மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கினாள். "கல்யாணப் புள்ளய நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டானே பாவி! உன் கையில கொள்ளி வெக்க" என்று மண்ணை வாரித் தூற்றினாள். மாப்பிள்ளை மாலையோடு நடந்து போனார்.

அப்பா போர்வையோடு வெளியே வந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"எறங்குடா."

மாமா இறங்கினார்.

"சாவியக் குடு."

"அதுலயே இருக்குது மாமா."

அப்பா உட்கார்ந்து திருகினார். கார் கிளம்பிற்று, விளக்கு எரிந்தது, கூட்டம் ஓ என்று கத்திற்று. அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எல்லோரும் கேட்கும்படி, "இனிமே நீ இந்த வண்டியத் தொடாத. உன் கை ஆவாது" என்றார்.

அந்த வாரமே தாமல்காரர்கள் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா மரியாதையானவர், நேரில் வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. ஒரே பொண்ணு. ஊரே சொல்லுது" என்று அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா தட்டை வாங்கி வைத்தாள். மறுநாள் காலையில் மாமா இல்லை. பெட்டியும் இல்லை. சென்னைக்குப் போய்விட்டார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். எனக்குக் காய்ச்சல் வரும் அளவுக்கு அழுதேன். அம்மா அழவில்லை. அவளுடைய சிரிப்பு மட்டும் அதோடு நின்றுபோயிற்று.

சித்திரை பிறந்து, கல்யாண சீசனுக்குக் காருக்குள்ளே ஒரு குட்டி விளக்கு போடலாம் என்று அப்பா வயரிங் பாயை வரவழைத்தார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து புளியங்காய் தின்றுகொண்டிருந்தேன். பாய் முன்சீட்டில் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து, பல்பை மாட்டினார். எரிந்தது. முழங்கையை ஊன்றித் திரும்பினார். பல்பு அணைந்தது. முழங்கையை எடுத்தார். எரிந்தது.

"அட" என்றார் பாய். மறுபடி அழுத்தினார், அணைந்தது. விட்டார், எரிந்தது. உள்ளே கையைவிட்டு வயர்க் கத்தையை வெளியே இழுத்தார். பேட்டரியிலிருந்து சாவிக்கு வருகிற வயர். அது கொஞ்ச நாளைக்கு முன்பு எப்போதோ அறுந்து யாரோ சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த இடத்தில் டேப் இல்லை. நூல் சுற்றியிருந்தது. இழை மேல் இழை ஏறாமல், நெருக்கமாக, நுனி வெளியே தெரியாமல். அரக்கு நிறம். நடுவில் மட்டும் கருகிக் கறுப்பாக இருந்தது. பாய் நகத்தால் கீறினார். கருகிய நூல் உதிர்ந்ததும் காருக்குள் முடி பொசுங்கின வாசனை பரவிற்று.

பட்டுதானா இல்லையா என்று பார்க்க நூலைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கிற ஊர் இது. அந்த வாசனை அப்பாவுக்குத் தெரியாதா?

"சாம்பலைத் தொட்டு முறுக்கியிருக்காங்க நைனா. பட்டுக்கு இது நிக்கும், செம்புக் கம்பிக்கு நிக்குமா? சும்மா ஒரு இடி பட்டா வுட்டுப்போவும். ஓட்டறவங்க முட்டி பட்டாலே போதும்." பாய் எழுந்து உட்கார்ந்து வெற்றிலையைத் துப்பினார். "ஆனா நீங்க உட்கார்ந்தா முட்டி இங்க எட்டாதே. நெட்டையா வேற யாராச்சும் ஓட்டுவாங்களா?"

"இல்ல" என்றார் அப்பா. "நான் மட்டுந்தான்."

நான் பின்சீட்டில் இருந்தேன். அந்த நூல் யார் சுற்றியது என்று எனக்குத் தெரியும், என் பை வாரில் அதே நூல்தான். ஆனால் குழந்தைக்கு அதற்கு மேல் என்ன புரியும்? கார் சரியாகிவிட்டது என்றுதான் புரிந்தது. பாய் டேப் சுற்றிவிட்டுப் போனதும், "அப்பா, அப்போ மாமாவக் கூப்ட்டுக்கலாமா?" என்று கேட்டேன்.

"வயரு வேற, அவன் வேற. போய்ப் படி" என்றார்.

அம்மாவிடம், எலி வயரைக் கடித்திருந்தது என்று சொன்னார். அம்மா கேட்டாள், "அப்போ தம்பி மேல தப்பு இல்லதானே?"

"எலி கடிச்ச வயரு என் கையில ஓடிச்சே. அவன் கையில மட்டும் இன்னாத்துக்கு நிக்கணும்?"

சாகும்வரை அவள் எலியைத்தான் நம்பினாள். வீட்டில் எலியைக் கண்டால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெறிபிடித்தவளைப் போலத் துரத்துவாள், நாங்கள் சிரிப்போம். அப்பா அந்த வேடிக்கையைப் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விடுவார். அப்பா கெட்டவர் இல்லை. எங்களை அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் தட்டு திரும்பிப் போனது, மாமா ஓடிப்போனது, எல்லாமே தன் விரலால் வந்தது என்றாகிவிடும். அதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை. அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் என் கோபம் தீரவில்லை. அவர் போய் எத்தனையோ வருஷமாகியும் தீரவில்லை.

மாமா சென்னையில் ஏதேதோ வேலை செய்துவிட்டு, வயதான பிறகு ஏனாத்தூர் பக்கம் ஒரு மரக்கடையில் காவலாளியாக வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சாவுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனார். அம்மா இருந்தவரை நான் இந்தப் பேச்சை எடுக்கவில்லை, அந்த வயதில் புருஷனை அவளிடம் காட்டிக்கொடுத்து என்ன செய்ய? போன வருஷம் அம்மாவும் போனாள். காரியமெல்லாம் முடிந்ததும், பிறந்து சில மாதமேயான என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாமாவைப் பார்க்கப் போனேன்.

மரத்தூள் வாசனைக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நெட்டை உடம்பு கூனிப்போயிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அரக்கு நூலை, பாய் கேட்ட கேள்வியை, அப்பா சொன்ன பதிலை. "உங்க முட்டி பட்டுத்தான் மாமா வண்டி நின்னுது. அவ்ளோதான். உங்க கையில ஒண்ணுமே இல்ல."

அவர் எழுந்து ஆடுவார் என்றோ அழுவார் என்றோ நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுச் சமாச்சாரத்தைக் கேட்கிற மாதிரி.

"இருக்கும்மா. வயரு அப்படி இருந்திருக்கும்" என்றார். "அப்பால நான் சேர்ந்த லாரி ஷெட்டு எரிஞ்சிது. அதுக்கப்புறம் சேர்ந்த ஓட்டல் மூடிட்டாங்க. எனக்கு ரூம்பு குடுத்தவரு புள்ள செத்துப்போச்சி. அங்கல்லாம் எந்த வயரும்மா?"

"மாமா, அது யாருக்கும் நடக்கறதுதான்."

"நீ நல்லதுக்கு சொல்ற." சிரித்தார். "உங்கப்பா மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லமா. அவருக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குது என் கைய பத்தி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேறு எப்படி நிரூபிப்பது என்று தெரியாமல், மடியிலிருந்த குழந்தையை அவர் பக்கம் நீட்டினேன். "தூக்குங்க மாமா. உங்க கொள்ளுப் பேத்தி."

சட்டென்று ஸ்டூலைவிட்டு எழுந்து பின்னால் நகர்ந்தார். "வேணாம்மா, வேணாம்மா. கொழந்த நல்லா இருக்கட்டும்" என்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார். பிறகு அப்படியே முன்னால் குனிந்து, தொடாமல், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.